பண்ணாரி சோதனைச் சாவடியில் ஒரு ராத்திரி

இது நடந்தது 2023 பிப்ரவரி முதல் வாரம். மதுரைக்குத் தெற்கே ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். பூப்பந்து டீமுக்கு நான்தான் கேப்டன். பூப்பந்து என்றதும் பலர் ஷட்டில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு, மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், மண் தரை. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த ஆட்டம் என்பார்கள். டீமில் மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்துப் பத்துப் பேர். மைசூரில் ஓர் அழைப்புப் போட்டி. சனிக்கிழமை காலை 9 மணிக்கு எங்களுக்கு முதல் ஆட்டம். தோற்றால் வெளியே என்கிற நாக்கவுட் முறை. எனக்கு அதுதான் கல்லூரிச் சட்டையில் கடைசிப் போட்டி. அந்த ஆட்டத்தை நான் ஆடவே இல்லை. தோற்கக்கூட இல்லை. போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு இரண்டு மாதம் தயாரானோம். காலை ஐந்தரைக்கு எழுந்து மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து, கோடு போட்டு ஆடினோம். பயணத்துக்கு மொத்தமாக ஒரு மணி நேரம் யோசித்திருப்போமா என்பது சந்தேகம். பி.டி. சார் அந்தப் போட்டிக்கு அம்பயராகவும் போவதால் முன்கூட்டியே பெங்களூரு வழியாகக் கிளம்பிவிட்டார். "நீ பசங்களக் கூட்டிட்டு வந்துரு, ட்ரெயின்தான" என்றார். ஆபீஸில் விளையாட்டு நிதியிலிருந்து 8,000 ரூபாய் கொடுத்தார்கள். அதோடு பொறுப்பு முழுக்க என் தலையில். எனக்கு வயது இருபது. அதுவரை தனியாக நான் ஏற்பாடு செய்த பெரிய பயணம் என்றால் ஊர்த் திருவிழாவுக்கு மூன்று நண்பர்களைக் கூட்டிப் போனதுதான்.

மதுரை வழியாக தூத்துக்குடி - மைசூரு எக்ஸ்பிரஸ் தினமும் ஓடுகிறது. வியாழன் மாலை ஏறினால் வெள்ளிக்கிழமை முற்பகல் மைசூரு, ஒரு நாள் ஓய்வு, சனிக்கிழமை ஆட்டம். திட்டத்தில் குற்றம் இல்லை. போட்டிக் கடிதம் கைக்கு வந்ததே மூன்று வாரம் முன்புதான். தை மாதம், முகூர்த்த நாட்கள் வேறு. கல்லூரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் ஸ்லீப்பர் போட்டேன். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது, அதனால் ஆறும் நாலுமாக இரண்டு டிக்கெட். இரண்டுமே வெயிட்டிங். "இது கிளியர் ஆயிரும் தம்பி, நான் பாக்காததா" என்றார் கடைக்காரர். டிக்கெட்டில் பி.கியூ.டபிள்யூ.எல். என்று போட்டிருந்ததை நான் பார்த்தேன். அது என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. பின்னால்தான் தெரிந்தது. ஜி.என். என்று தொடங்கும் பொதுக் காத்திருப்புப் பட்டியல்தான் வேகமாக நகரும். பி.கியூ., ஆர்.எல். என்பவை நடுவழி ஊர்களுக்கான சின்ன ஒதுக்கீடு. அதில் பத்து இடம் நகர்வது குதிரைக்கொம்பு. நம்பரை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள்.

புதன்கிழமை 11 மணிக்கு தட்கலும் முயன்றோம். தட்கலில் ஒரு டிக்கெட்டுக்கு நாலு பேர்தான். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. 11.04க்கு எல்லாம் முடிந்துவிட்டது. (இப்போது ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் ஆன்லைனில் தட்கல் போடவே முடியாது, 2025 ஜூலையிலிருந்து. அதைக் கடைசி நிமிடத்தில் செய்ய உட்காராதீர்கள்.) வியாழன் மதியம் சார்ட், அதாவது யார் யாருக்கு இடம் என்கிற கடைசிப் பட்டியல், வந்தது. இரண்டு டிக்கெட்டும் தானாகவே ரத்து. ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட்டில் ஒருவருக்குக்கூட இடம் உறுதியாகவில்லை என்றால், ஏறி நின்றுகொண்டு போகலாம் என்ற பேச்சே கிடையாது. பெயரே பட்டியலில் இருக்காது. தலைக்கு 60 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி திரும்ப வரும் என்றார்கள். எங்கே வரும்? பிரவுசிங் சென்டர்காரர் கணக்குக்கு. எப்போது? மூன்று நாலு நாளில். கையில் வைத்திருந்த கல்லூரிப் பணத்தில் பாதி, எனக்கு மிகவும் தேவைப்பட்ட அந்த நேரத்தில், யாரோ ஒருவர் கணக்கை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. அன்று முதல் டிக்கெட் என் சொந்தக் கணக்கில்தான் போடுகிறேன், எவ்வளவு அவசரம் என்றாலும்.

விளையாட்டு வீரர்களுக்கு ரயிலில் சலுகை உண்டே என்று ஒரு பையன் சொன்னான். இருந்தது. கொரோனா நேரத்தில், 2020 மார்ச்சில், மாணவர்கள், மாற்றுத்திறனாளிகள், சில வகை நோயாளிகள் தவிர மற்றவர்களின் சலுகைகளை ரயில்வே நிறுத்தியது. விளையாட்டுக்காரர்கள் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டவர்கள் பட்டியலில் போய்விட்டார்கள். பழைய சீனியர்கள் சொல்வதை நம்பிப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்கு ஓடுவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது. நான் அரை நாள் அதிலும் விட்டேன்.

சரி, கல்லூரி பஸ் இருக்கிறதே என்று வியாழன் மூன்று மணிக்கு ஆபீஸுக்குப் போனேன். மூன்று பஸ்களும் ஒரு கட்சியின் மாநாட்டுக்குப் பேசி முடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாநாடு, வெள்ளிக்கிழமையே வண்டியை அனுப்ப வேண்டுமாம். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை; அதற்கு முந்தைய வருடம் வேறு கட்சிக்கும் இதே பஸ்கள் போயிருக்கின்றன. எனக்கு அன்று வந்த கோபத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாநாட்டுக்குக் கூட்டம் சேர்க்க வந்தவர் எங்கள் ஹாஸ்டல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். போகவர வண்டி, இரண்டு வேளை சாப்பாடு, கைச்செலவுக்குக் காசு. "நீங்களும் வாங்க தம்பி, ஒரு வண்டி முழுசா தர்றேன்" என்று என்னிடமே சொன்னார். கல்லூரிப் பெயரைச் சட்டையில் போட்டு ஆடப் போகிறவனுக்கு வண்டி இல்லை. யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் கைதட்டப் போகிறவனுக்கு வாசலிலேயே வண்டி. டீமில் இரண்டு பேர், "பேசாம இதுக்கே போயிரலாம்டா" என்றார்கள், விளையாட்டாகத்தான். நான் சிரிக்கவில்லை.

மாநாடு என்றால் கல்லூரி பஸ் மட்டும் போகாது. சுற்று வட்டாரத்தில் இருக்கும் வேன், டெம்போ எல்லாமே போய்விடும். இது எனக்குத் தெரியாது. வியாழன் இரவு பதினோரு மணி வரை பதினாறு பேருக்குப் போன் செய்தேன். பதினேழாவது ஆள் ஒத்துக்கொண்டார், கிலோமீட்டருக்கு 19 ரூபாய். வெள்ளி மதியம் ஒரு மணிக்கு வருவதாகப் பேச்சு, 5,000 முன்பணம் ஜிபே. வண்டி வந்தது மூன்றேகால் மணிக்கு. முந்தின ராத்திரி மாநாட்டுக்குக் கொடிக்கம்பு இறக்கிவிட்டு வந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது. எந்தப் பயணத்துக்கும் தேதி குறிக்கும் முன், அந்த வாரத்தில் மாநாடு, பெரிய தலைவர் வருகை, தேர்தல் பிரசாரம், கோயில் கும்பாபிஷேகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வாடகை வண்டியை மறந்துவிட்டு அரசு பஸ்ஸை நம்புவதே மேல். மதுரையிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மைசூருக்கு ரயிலோ பஸ்ஸோ பிடித்திருந்தால் ஆடியிருப்போம். பத்துப் பேர் இரண்டு மூன்று பஸ்களாகப் பிரிந்து போனாலும் சரி. டீம் என்றால் ஒரே வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு. அந்த ஆசைக்கான விலைதான் மீதிக் கதை.

திண்டுக்கல், தாராபுரம் வழியாக சத்தியமங்கலம் போனோம். வழியில் டீ, ஒருவனுக்கு வாந்தி, டீசல். பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டி சோதனைச் சாவடிக்கு வந்தபோது மணி ஒன்பது நாற்பது. தடுப்பு இறங்கியிருந்தது. "இனிமே காலைல ஆறு மணிக்குத்தான் தம்பி. ஓரமா போடுங்க" என்றார் அங்கிருந்தவர். நான் இறங்கிப் போய், அடையாள அட்டை, போட்டிக் கடிதம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். "லெட்டர் யானைக்குப் படிக்கத் தெரியாதுல்ல" என்றார். கிண்டல்தான். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

விஷயம் இதுதான். அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை. பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவது அதிகமானதால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துத் தடை அமலில் இருக்கிறது. கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணி முதல், எங்கள் வேன் போன்ற சின்ன வண்டிகளுக்கு இரவு 9 மணி முதல், காலை 6 வரை. ஊட்டி, கூடலூர் வழியாகச் சுற்றிப் போகலாமே என்று ஒருவன் மேப்பைத் தடவினான். அந்தப் பக்கம் பந்திப்பூர் காடு. அங்கே 2009லிருந்தே ராத்திரி 9 முதல் காலை 6 வரை அடைப்பு. மேப் நீலக் கோடு போட்டு, மூன்றரை மணி நேரத்தில் மைசூரு என்று காட்டிக்கொண்டே இருந்தது. அதை நம்பித்தான் நான் திட்டம் போட்டேன். காட்டுக்குள் போகும் பாதை என்றால் மேப்பை நம்பாதீர்கள். அந்த வழியில் லாரி ஓட்டுகிறவர் ஒருவரைக் கேளுங்கள். எங்கள் டிரைவர் அண்ணனுக்கும் அந்த வழி புதிது என்பது அங்கேதான் தெரிந்தது. வண்டி பேசும்போதே, "அண்ணே, இந்த ரூட்ல போயிருக்கீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

இன்னொரு வழி இருந்தது. திரும்பி, ஈரோடு, சேலம், ஓசூர், பெங்களூரு என்று சுற்றினால் விடிய விடிய ஓட்டி எட்டு, எட்டரைக்கு மைசூரைப் பிடிக்கலாம். பசங்கள் எல்லாரும் "போலாம், போலாம்" என்றார்கள். டிரைவர் அண்ணன் என்னைத் தனியாக வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். "தம்பி, ரெண்டு ராத்திரி தூங்கல. நீங்க சொன்னா ஓட்டுறேன். ஆனா நான் சொல்லிட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. பி.டி. சாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பத்துப் பேரின் இரண்டு மாத உழைப்பு ஒரு பக்கம், இந்த மனிதரின் கண் ஒரு பக்கம். வேண்டாம், இங்கேயே இருப்போம் என்று சொல்லிவிட்டேன். டீமில் இரண்டு பேர் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் பயணத்தில் நான் எடுத்த முடிவுகளில் எனக்கு வருத்தமில்லாதது அது ஒன்றுதான்.

பிப்ரவரிக் குளிர். கையில் சாப்பாடு இல்லை, கடை அடைத்துவிட்டார்கள். இரண்டு பாக்கெட் பிஸ்கட்டைப் பதினோரு பேர் பங்கு போட்டோம். வரலாறு படித்தவன் என்பதால் எனக்கு அங்கே உட்கார்ந்து ஒன்று ஞாபகம் வந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நூறு பேர் அளவில் கூட்டிக்கொண்டு நடந்தார். வழியில் அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ நடவடிக்கை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். பரீட்சையில் இதை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு பயணத்தில் சோறு என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்று பண்ணாரியில்தான் உறைத்தது. இப்போது எங்கே போனாலும் புளிச்சோறோ சப்பாத்தியோ ஒரு வேளைக்குக் கையில் இருக்கும். பழம், வேர்க்கடலை மிட்டாய், ஒரு பெரிய தண்ணீர் கேன், மெல்லிய போர்வை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஆறு மணிக்குத் தடுப்பு திறந்ததும் பறந்துவிடலாம் என்று நினைத்தோம். ராத்திரி முழுக்க வரிசையில் நின்ற லாரிகளும் அதே ஆறு மணிக்குத்தான் கிளம்பும் என்பதை யோசிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் லாரி முன்னும் பின்னும் எடுத்துத் திரும்ப வேண்டும். எட்டாவது வளைவிலோ ஒன்பதாவதிலோ ஒரு லாரி மாட்டிக்கொண்டது. மேலே ஏறவே இரண்டேகால் மணி நேரம். ஆசனூர் தாண்டும்போது மணி ஒன்பது. கர்நாடகா எல்லையில் பர்மிட் பார்த்தார்கள். வெளி மாநிலம் போக எங்கள் வேனுக்குத் தனி பர்மிட்டும் வரியும் கட்ட வேண்டியிருந்தது, 2,800 ரூபாய். டிரைவர் காலையிலேயே போனில் கட்டியிருந்தார், ஆனால் அது வாடகையில் சேராது என்று முதலில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மைதானத்துக்குள் வண்டி நுழைந்தபோது பதினொன்றே முக்கால். ஒன்பது மணிக்கு எங்கள் பெயரை மூன்று முறை கூப்பிட்டு, எதிர் டீமுக்கு வாக்கோவர் கொடுத்துவிட்டார்கள். பி.டி. சார் அம்பயர் நாற்காலியில் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வேனிலிருந்து இறங்கவே இல்லை. சென்டர் ஆடும் பையன் மட்டும் இறங்கிப்போய், ஓரத்தில் கிடந்த ஒரு பந்தை எடுத்து மட்டையில் நாலு தட்டு தட்டிவிட்டு வைத்தான். போட்டிக்காரர்கள் மதியச் சாப்பாட்டு டோக்கன் கொடுத்தார்கள், அது நல்ல மனசு. தாமதமாகும் என்று தெரிந்த உடனே, ராத்திரியே, போட்டி நடத்துகிறவர்களுக்குச் சொல்லியிருந்தால் ஆட்டத்தை மதியத்துக்கு மாற்றியிருப்போம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அழைப்புக் கடிதத்தின் அடியில் இரண்டு போன் நம்பர் இருந்தது. நான் சார் ஒருவருக்கே பதினோரு தடவை அடித்துக்கொண்டிருந்தேன். அதை இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஓடியது 830 கிலோமீட்டர்தான். ஆனால் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 300 என்பது வேன்காரர்கள் வழக்கம். மூன்று நாள், 900 கிலோமீட்டர், 17,100 ரூபாய். டிரைவர் பேட்டா 2,400. பர்மிட் 2,800. டோல், பார்க்கிங் 1,300. ராத்திரி நிறுத்தியதற்கு 1,000. ஆகமொத்தம் 24,600. கல்லூரி கொடுத்த 8,000 போக மீதி 16,600, தலைக்கு 1,660. மூன்று பேரால் கொடுக்க முடியவில்லை. அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், கேட்கவும் இல்லை. அவர்கள் பங்கும் சேர்த்து என் கையை விட்டுப் போனது 6,640. அதில் பெரும்பகுதி செமஸ்டர் கட்டணத்துக்காக அம்மா அனுப்பியது. திரும்பி வந்து பில்லைக் கொடுத்தபோது, விதிப்படி ஸ்லீப்பர் ரயில் கட்டணத்துக்கு மேல் தர முடியாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். புறப்படும் முன் வழியை மாற்றினால், வண்டியை மாற்றினால், ஒரு வரி எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு எவ்வளவு அழுதாலும் ஆடிட்டர் காதில் விழாது.

அடுத்த வருடம் அதே கல்லூரியில் எம்.ஏ. சேர்ந்தேன். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில். எனக்கு ஓட்டு திருவண்ணாமலைப் பக்கம் என் ஊரில். ஹாஸ்டலில் வடமாவட்டத்துப் பையன்கள் எட்டுப் பேர். இந்த முறை விட்டுவிடக் கூடாது என்று முதலில் வாக்காளர் பட்டியலில் எல்லார் பெயரையும் ஆன்லைனில் தேடினேன். தர்மபுரிப் பையன் ஒருவனுக்குக் கையில் அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டுப் போட முடியாது. அவன் வீட்டுக்குப் போகும் செலவாவது மிச்சம். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மாணவர் ஊரில் பதிய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு வருடத்துக்குக் குறையாத படிப்பு என்றால், கல்லூரியில் போனபைட் சான்றிதழ் வாங்கி, ஹாஸ்டல் முகவரியிலேயே பதிந்துகொள்ளலாம். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, ஏற்கெனவே வேறு ஊரில் பெயர் இருந்தால் மாற்றப் படிவம் 8. இரண்டு இடத்தில் மட்டும் வைத்திருக்கக் கூடாது. இதைச் சொல்ல எங்கள் கல்லூரியில் ஒருவரும் இல்லை. கூட்டத்துக்கு ஆள் கேட்டு வருகிறவர்களும் சொல்லவில்லை.

மிச்சம் ஏழு பேர். ரயில் நிறைந்துவிட்டது. ஏழு பேருக்கு ஒரு வேன் பேசினால் என்ன என்று ஆசை யாரை விட்டது? அந்த டிரைவர் அண்ணன் நம்பர் இன்னும் போனில் இருந்தது. அடித்தேன். உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "யாரு, பண்ணாரி தம்பியா? நல்லாருக்கீங்களா? வண்டி பிரச்சாரத்துல நிக்கிது தம்பி. பதினேழாந்தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு மைக் ஆஃப். அதுக்கப்புறம் நான் ரெண்டு நாள் தூங்கப்போறேன்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. பதினெட்டாம் தேதி மத்தியானமே மாட்டுத்தாவணிக்குப் போய், கிடைத்த விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். திருச்சி வரை நின்றுகொண்டே போனோம். பையில் புளிச்சோறு இருந்தது.